இரண்டு முழம்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் சிறுகுடலில் மிச்சம் 90 சென்டிமீட்டர் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குப் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு முழம் இருக்கும்மா" என்றேன். தேக்காவில் பூ வாங்குகிற மாதிரி. சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 5, புதன்

முதல் பை மாட்டினார்கள். வயிற்றுக்குப் போகாமல் நேராக ரத்தக்குழாயில் ஏறுகிற சாப்பாடு. பால் வெள்ளை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சீனி போட்டிருக்கானா?" என்றார். போட்டிருக்கிறார்கள் அப்பா, நிறைய.

பம்ப் மணிக்கு 42 மி.லி. என்று காட்டியது. முழு அளவு 83. அதுதான் அம்மாவுக்குக் கோபம். எட்டு நாளாகப் பட்டினி கிடந்த மனுஷனுக்கு அரை வயிற்றுக்கு ஊற்றுகிறார்களே என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேவிட்டாள். நான்தான் வெளியே கூட்டிக்கொண்டு வந்து சொன்னேன்: காய்ந்து கிடந்த உடம்பில் திடீரென்று சீனி இறங்கினால் இன்சுலின் எகிறும், ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும், இதயம் தடுமாறும். போர் முடிந்து முகாமிலிருந்து வந்த கைதிகள் வயிறாரச் சாப்பிட்டுச் செத்துப்போனது இப்படித்தான். அம்மா உடனே அப்பத்தா கதைக்குப் போய்விட்டாள். ஜப்பான்காரன் ஆண்ட காலம், மரவள்ளிக்கிழங்கு, எல்லாம். கோபம் போய்விட்டது. அது போதும்.

மார்ச் 6, வியாழன்

வேலை முடிந்து நேராகப் போனேன். வாசலில் இருந்த மருந்தை அழுத்திக் கையைத் தேய்த்துக்கொண்டு, லேபிளை முதல் வரியிலிருந்து படித்தேன். அமினோ அமிலம் 75 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் (சீனிதான்) 200, கொழுப்பு 60. மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், 1,580 கலோரி. லேபிளிலும் அதுதான். இன்று ஓடப்போவது அதில் பாதி. பிறகு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து, துகள்களைப் பிடிக்கிற ஃபில்டரைத் தேடினேன். இருக்கிறது. 1.2 மைக்ரான்.

அப்பா கேட்டார்: "டாலி ஆச்சா?"

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டையும் பெட்டியும் எண்ணியவர். அவருக்கு உலகத்தில் இரண்டே நிலைமைதான், டாலி ஆனது, ஆகாதது.

மார்ச் 8, சனி

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரே பையில் இருக்க வேண்டும். உடம்புக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் நெருங்கிச் சேர்ந்தால் சுண்ணாம்பு மாதிரி உறைந்து மணலாகிவிடும். அந்த மணல் நரம்பு வழியாகப் போய் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்ளும். 1994-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் இப்படிச் செத்த பிறகுதான் அங்கே மருந்துகளைக் கட்டுப்படுத்துகிற எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. எங்களுக்குப் பயிற்சியில் முதல் வாரமே சொன்ன கதை. அதனால்தான் பாஸ்பேட்டை முதலில் போட்டு, பையைப் புரட்டிப் புரட்டிக் கலந்து, மற்றதெல்லாம் போட்டு, கால்சியத்தைக் கடைசிப் பக்கம் போடுகிறோம். கொழுப்பு அதற்கும் பிறகு. கொழுப்பு போகும்வரை பை கண்ணாடி மாதிரி இருக்கும், விளக்கில் தூக்கிப் பார்க்கலாம். கொழுப்பு போய்விட்டால் பால். பாலுக்குள் மணல் இருந்தால் யாருக்குத் தெரியும்?

சூடு ஏறினால் இன்னும் சுலபமாக உறையும். குளிர்பெட்டியில் ஒழுங்காக இருந்த பை, படுக்கை பக்கத்தில் மணிக்கணக்கில் தொங்கும்போது உறையலாம்.

பதினொரு வருஷமாக இந்தப் பைகளைக் கலக்கிறேன். குடித்தவர்கள் யாரையும் பார்த்ததில்லை. (குடித்தவர்கள் என்றா எழுதினேன்? இருக்கட்டும்.) லேபிளில் பெயர், வயது, வார்டு, படுக்கை எண், அவ்வளவுதான். இப்போது அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேறொரு மருத்துவமனையில், நான் பார்த்தே இராத ஒருத்தி முகமூடியும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு என் அப்பாவுக்குக் கலக்கிறாள். பாஸ்பேட் முதலில் போட்டாயா? புரட்டினாயா? எத்தனை தடவை?

மார்ச் 9, ஞாயிறு

ரத்தத்தில் பாஸ்பேட் 0.58, குறைவு. எதிர்பார்த்ததுதான். தனியாக ஏற்றுகிறார்கள். ஃபில்டர் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு பையைக் கொட்டினேன்.

ஆறாவது பை. பாஸ்பேட் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து இன்டர்காமில் மருந்தாளர் கூப்பிட்டு, எட்டாவது பையில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி வார்டிலிருந்து போன் என்றார். சரி என்றேன். திரும்பிப் பார்த்தால் கால்சியம் சிரிஞ்ச் என் கையில் காலியாக இருக்கிறது. நடுவில் பையைப் புரட்டினேனா? கை புரட்டியதாகச் சொல்கிறது. கை பதினொரு வருஷமாகப் புரட்டுகிறது, அது எல்லா நாளும் அப்படித்தான் சொல்லும்.

விளக்கில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. தெளிவு என்பதற்கு இப்போது தெளிவு என்று மட்டும்தான் அர்த்தம்.

பக்கத்து ஹூட்டில், சுத்தமான காற்று வீசுகிற கலவை மேடையில், சீனியர். மலாய்க்கார அக்கா, நாங்கள் எல்லாரும் கக் என்போம். நோன்பு. காலையிலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் அந்தக் கவுனுக்குள் நிற்கிறார். என் கை நின்றதைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை கேட்டார்: "ஷுவரா?" இல்லை என்று தலையாட்டினேன். "அப்போ கொட்டு."

இரண்டு லிட்டர். மறுபடி எல்லாம் எடுத்து, துடைத்து, ஆல்கஹால் காயக் காத்திருந்து, எடை போட்டு அனுப்பும்போது ஒரு மணி நாற்பது நிமிஷம் தாமதம். வார்டில் யாரோ போனில் கத்தினார்கள். யாருடைய பை என்று லேபிளில் பார்த்தேன். 67 வயது. அப்பா வயது.

கக் நோன்பு திறக்க ஏழே கால் ஆகும். பேரீச்சம்பழ டப்பாவை என்னிடம் நீட்டி, நீ முதலில் சாப்பிடு, முகம் வெளுத்திருக்கு என்றார்.

மார்ச் 12, புதன்

இன்று அப்பாவின் பை வரவில்லை. ஆறு மணிக்கு மாட்ட வேண்டியது, ஏழரைக்கும் காணோம். பழைய பையின் நேரம் முடிந்துவிட்டது. மிஸ்ஸி 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸைத் தொங்கவிட்டார், சரியான வேலை. ஓடிக்கொண்டிருந்த சீனி சட்டென்று நின்றால் ரத்தத்தில் சர்க்கரை படுத்துவிடும்.

அம்மா: "எவளோ சோம்பேறி போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பா."

தம்பி புகார் எழுதுகிறேன் என்று வார்டிலேயே டைப் பண்ண ஆரம்பித்துவிட்டான். என்னிடம் காட்டினான், இங்கிலீஷ் சரியா பாரு அக்கா என்று. பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்து, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

எட்டே காலுக்கு வந்தது. ஃபில்டர் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

கோப்பிக்கடையில் கோப்பி-ஓ கட்டிக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் பை, சிவப்புக் கயிறு. மேசை மேல் வைத்துவிட்டு ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தேன். அப்பா சிரித்தார். "உனக்கும் பை, எனக்கும் பை." இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

ரசம் கேட்கிறார். பூண்டு தட்டிப் போட்டது.

மார்ச் 14, வெள்ளி

பம்பை 83-க்கு ஏற்றிவிட்டார்கள். பாஸ்பேட் 0.9. நல்ல நாள்.

மார்ச் 15, சனி

அப்பா லேபிளைத் தானே படிக்கிறார் இப்போது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, விரல் வைத்து. துத்தநாகத்துக்கு ஏன் ஒரு இடத்தில் மில்லிகிராம், ஒரு இடத்தில் மைக்ரோகிராம் என்றார். வார்டு தாளில் ஒன்று, லேபிளில் ஒன்று. எண்ணிப் பார்த்தேன், அளவு ஒன்றுதான், எழுதிய விதம்தான் வேறு. தப்பில்லை. ஆனால் இப்படித்தான் தப்பு வரும். 2006-ல் லாஸ் வேகஸில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு மைக்ரோவுக்குப் பதில் மில்லி என்று போய்விட்டது, ஆயிரம் மடங்கு துத்தநாகம். குழந்தை போய்விட்டது. அந்தப் பையைப் பல கைகள் தாண்டி அனுப்பியிருக்கின்றன, ஒருவரும் நிறுத்தவில்லை.

அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. "துறைமுகத்துல இப்படி ரெண்டு சீட்டுல ரெண்டு கணக்கு இருந்தா கப்பலை விடமாட்டோம்" என்றார்.

மிஸ்ஸியிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். நானும் அங்கே தொல்லை பிடித்த குடும்பம் ஆகிவிட்டேன், தெரிகிறது.

மார்ச் 17, திங்கள்

மதியம் குளிர். பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாராம். காய்ச்சல் 39.4.

பையை நிறுத்திவிட்டார்கள். டெக்ஸ்ட்ரோஸ் மட்டும். பையிலிருந்தும் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதலில் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது, அந்த முகம் தெரியாதவள் மேல். ஃபில்டர் பாக்டீரியாவைப் பிடிக்காது, ஓட்டை அதற்கு ரொம்பப் பெரிது. 2011-ல் அலபாமாவில் பை வழியாகவே கிருமி போய் ஒன்பது பேர்.

லைனிலிருந்து, அதாவது பை ஏறுவதற்காக உடம்புக்குள் போட்டிருக்கிற குழாயிலிருந்து, ஒரு பாட்டில் ரத்தம், கையில் குத்தி ஒரு பாட்டில். ஒரே நேரத்தில் எடுத்தது. லைன் பாட்டிலில் இரண்டு மணி நேரமாவது முந்திக் கிருமி வளர்ந்தால், இருப்பிடம் லைன்தான்.

மார்ச் 18, செவ்வாய்

லைன் பாட்டில் காலை 5.10. கை பாட்டில் 9.40. அம்மாவுக்குச் சொன்னேன். எண்ணைக் கேட்டுவிட்டு, நல்லதா கெட்டதா என்றாள்.

மார்ச் 19, புதன்

லைனை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்குகிறது. பை மாதிரியில் இதுவரை ஒன்றும் வளரவில்லை. கிருமி தோலில் இருக்கிற வகையாம், எல்லார் கையிலும் இருப்பது. லைனின் இணைப்பில் யாராவது தொட்டிருக்கலாம் என்றார் டாக்டர். இது சகஜம் என்றும் சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

இரவு ஒன்றரை. மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். ஆறாம் தேதி கையைத் தேய்த்ததாக எழுதியிருக்கிறேன். எட்டாம் தேதி இல்லை. ஒன்பது இல்லை. பன்னிரண்டு இல்லை. பதிமூன்றாம் தேதி கோப்பியை வைத்துவிட்டு