எட்டு பிட் பஸ்ஸில் ஒரு துணைப் பலகை: வேலைக் குறிப்புகள்

மார்ச் 3

பிராசஸர் போர்டின் விரிவாக்க கனெக்டரில் ஒரு துணைப் பலகையைச் சேர்க்க வேண்டும். அங்குள்ள பஸ்ஸில் (சிப்புகள் பகிரும் பொது லைன்களில்) கிடைப்பவை: 8 டேட்டா, 4 அட்ரஸ், சிப் செலக்ட் (எந்தச் சாதனத்துடன் பேச்சு என்று தேர்வு செய்யும் லைன்), ரீட், ரைட், ரீசெட். எல்லாமே 3.3 வோல்ட், ரீட், ரைட், செலக்ட், ரீசெட் நான்கும் லோவில் (0 வோல்ட்டில்) இயங்குபவை. தேவை 8 ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), 8 இன்புட். பூட் ஃபிளாஷும் (போர்டைத் தொடங்கும் நிரல் உள்ள மெமரி) இதே டேட்டா லைன்களில்தான் இருக்கிறது. நம் பலகை தப்பான நேரத்தில் ஒரு லைனைப் பிடித்து இழுத்தால் போர்டு பூட்டே ஆகாது. அதனால் நடுவில் 74எல்விசி245 பஃபர் (தேவைப்படும்போது மட்டும் இரு பக்கத்தையும் இணைக்கும் சிப்).

மார்ச் 4

பஃபரில் கவனிக்க வேண்டியவை இரண்டு கால்கள். ஏ பக்கம் பிராசஸர், பி பக்கம் நம் பலகை என்று வைத்தால், 1ஆம் காலுக்கு (திசை) ரீட், 19ஆம் காலுக்கு (எனேபிள்) சிப் செலக்ட். 19ஐ கிரவுண்டில் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் பிராசஸர் ஃபிளாஷைப் படிக்கும்போதெல்லாம் பஃபரும் பஸ்ஸில் பேசும். இரண்டு சிப்பும் சூடாகும்.

மார்ச் 6

ரிலே பக்கம் 5 வோல்ட். அங்கே 74எச்சி வரிசை வேண்டாம்: 5 வோல்ட் சப்ளையில் அதற்கு ஹை என்றால் 3.5 வோல்ட், நம்மிடம் இருப்பதோ 3.3. மேசையில் ஓடிவிடும், பிறகு காலை வாரும். எச்சிடி வரிசைக்கு 2 வோல்ட் போதும். எழுதிய மதிப்பைப் பிடித்து வைக்க 74எச்சிடி574ஐ விட 74எச்சிடி273 நல்லது. அதன் 1ஆம் காலில் கிளியர் (அவுட்புட்டுகளை 0 ஆக்குவது) இருக்கிறது. ரீசெட்டை அங்கே கொடுத்தால் பவர் வரும்போது ரிலேக்கள் தாமாக அடிக்காது. 273க்குப் பின் ரிலேக்களை ஓட்டும் யுஎல்என்2803. அதன் 10ஆம் கால் ரிலே சப்ளைக்கு. இன்புட்டுக்கு 3.3 வோல்ட்டில் 74எல்விசி244 பஃபர். 5 வோல்ட் சிக்னலையும் தாங்கும். ஒவ்வொரு சிப்புக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பவர் காலை ஒட்டி.

மார்ச் 9

எழுதுவதற்கு ஒரு 138 (அட்ரஸைப் பார்த்து எட்டில் ஒரு லைனை இயக்கும் டிகோடர்): 4ஆம் காலில் செலக்ட், 5இல் ரைட், 6 ஹை. படிப்பதற்கு இன்னொன்று, ரைட்டின் இடத்தில் ரீட். அட்ரஸை மட்டும் டிகோட் செய்து கிளாக் (273 மதிப்பைப் பிடிக்கும் துடிப்பு) எடுத்தால், அட்ரஸ் மாறும் இடைவெளியில் வரும் சிறு துடிப்புகூட 273க்கு ஒரு கிளாக்காகிவிடும்.

மார்ச் 10

273இல் எழுதியது ஒன்று, நின்றது வேறு. ஸ்கோப்பில் (மின் அலையைக் காட்டும் கருவி) காரணம் தெரிகிறது: ரைட்டும் செலக்ட்டும் ஒன்றாக மேலே போகின்றன, பஃபர் மூடுகிறது, 138 வழியாக கிளாக் அதற்குப் பிறகே வருகிறது. 3.3 வோல்ட்டில் 74எச்சி138 மெதுவானது. எல்விசி138 போட்டு, மெமரி கன்ட்ரோலரில் (பஸ் நேரங்களைத் தீர்மானிக்கும் பகுதி) ரைட் முடிந்தபின் செலக்ட் ஒரு கிளாக் சுழற்சி கூடுதலாக நிற்கும்படி ஹோல்டை (அந்தக் கூடுதல் நேரத்தை) ஏற்றியதும் சரியானது. வேகமான சிப் மட்டும் போட்டு விட்டுவிடக் கூடாது, ஹோல்டும் வேண்டும்.

மார்ச் 12

எதுவும் இல்லாத அட்ரஸில் எழுதி உடனே படித்தால் எழுதியதே திரும்பி வருகிறது! லைன்களின் கெப்பாசிட்டன்ஸ் மதிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் வேறு அட்ரஸில் வேறு மதிப்பை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். டேட்டா லைன்களில் 10 கிலோஓம் புல்-அப் (லைனை ஹைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) இருந்தால் காலி அட்ரஸ் 255 என்று தெரியும்.

மார்ச் 13

மென்பொருளில் பாயிண்டர் 8 பிட், வொலட்டைல் (கம்பைலர் எந்தப் படிப்பையும் எழுத்தையும் தவிர்க்காதபடி), கேஷ் இல்லாத மேப்பிங் (ஒவ்வொரு முறையும் நேரே பஸ்ஸுக்குப் போகும்படி). 32 பிட்டாகப் படித்தால் கன்ட்ரோலர் அதை நான்கு பஸ் சுழற்சிகளாகப் பிரிக்கும்; படித்தவுடன் அழியும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் பக்கத்து அட்ரஸில் இருந்தால் அதுவும் சேர்ந்து காலியாகும். மெம்காப்பியை (மெமரியை மொத்தமாக நகலெடுக்கும் ஃபங்ஷன்) இங்கே தொடவே வேண்டாம்.