பன்னியும் அம்பும்: ப்ளம் க்ரீக் ஓரத்து நாட்குறிப்பு

அக்டோபர் 4, 2025, சனி

ஆஸ்டின்ல இருந்து விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி லாக்ஹார்ட் பக்கத்துல இருக்கற ராஞ்ச்சுக்கு போயாச்சு. ஓனர் எழுபது தாண்டுன பெரியவர், மாடும் மாட்டுக்கான புல்லும்தான் அவருக்கு பொழப்பு. ராத்திரி காட்டுப்பன்னிக் கூட்டம் வந்து புல்வெளிய மொத்தமா கிளறிப் போட்டிருக்கு. காலு உள்ள போற ஆழத்துக்கு குழி, வேரோட பெரட்டுன மண்கட்டி, அதுக்கு மேல புல்லு வெட்டற மெஷின ஓட்டுனா பிளேடு போச்சு. க்ரீக்ல இறங்கி பொரண்டு அந்தத் தண்ணியையும் கெடுக்குது, ப்ளம் க்ரீக்ல இருக்கற ஈ.கோலை கிருமிக்கு பன்னிங்களும் ஒரு காரணம்னு இங்க தண்ணி டெஸ்ட் பண்றவங்களே சொல்றாங்க.

டெக்சாஸ்ல மட்டும் இருபது லட்சத்துக்கு மேல இருக்குன்னு கணக்கு சொல்றாங்க. இது இந்த மண்ணு மிருகமே இல்ல. 1500கள்ல ஸ்பெயின்காரன் கறிக்கு கொண்டு வந்தது, 1930கள்ல வேட்டைக்குன்னே ஐரோப்பா காட்டுப்பன்னிய கொண்டு வந்து விட்டாங்க, ரெண்டும் கலந்து பெருகிருச்சு. தப்பு பன்னி மேல இல்ல. ஆனா பெரியவரோட நஷ்டமும் பொய் இல்லையே.

அக்டோபர் 12, ஞாயிறு

சாயங்காலம் பூரா வில்லு ப்ராக்டீஸ். 20 கெஜத்துல வச்ச எடத்துல அம்பு நிக்குது, 30ல கொஞ்சம் செதறுது, அதனால எனக்கு 20தான் எல்லை, அதுக்கு மேல எவ்ளோ பெரிய பன்னி நின்னாலும் வில்ல இழுக்க மாட்டேன். பன்னிக்கு இதயம் மானுக்கு இருக்கற எடத்துல இருக்காது, ரொம்ப கீழ, முன்னாடி தள்ளி, ரெண்டு முன்னங்காலுக்கும் நடுவுல. மான அடிச்சுப் பழகுனவன் பன்னியையும் நடு உடம்புல அடிச்சுட்டு குடல்ல அம்போட ஓட விட்டுர்றான். வயசான ஆம்பளப் பன்னிக்கு தோள்பட்டை மேல தடியா ஒரு கவசம் மாதிரி வளந்துரும், லைட்டான அம்புலாம் அதுல மாட்டி நின்னுரும். அதான் கனமான அம்பு, மடங்காத பிளேடு, கைமுடி வழிக்கற அளவுக்கு தீட்டுன முனை.

ஆபீஸ்ல ஒருத்தன் ஒரு வீடியோ காட்டுனான். ஓடற பன்னி மேல அம்ப விட்டு, அது பின்னந்தொடைல குத்தி நிக்க, கத்திக்கிட்டே புதருக்குள்ள ஓடுது, விட்டவன் சிரிக்கறான், தேடிக்கூட போகல. கேட்டா "பன்னிதானே"ங்கறான். இதே ஆளு மான் மேல இப்படி விடுவானா? விட மாட்டான். மானுக்கு சீசன் இருக்கு, லைசென்ஸ் இருக்கு, கணக்கு இருக்கு. பன்னிக்கு ஒண்ணும் கெடையாது, 2019ல இருந்து இங்க பிரைவேட் நிலத்துல ஓனர் சம்மதம் இருந்தா லைசென்ஸே வேணாம். சட்டம் கையைக் கட்டலங்கறதுக்காக அதுக்கு வலிக்காதுன்னு ஆயிருமா? தொல்லை பண்ற மிருகம்னு ஒரு பேர வச்சுட்டா அப்புறம் எப்படி வேணா கொல்லலாம்னு ஆயிருது, எனக்கு இதுதான் தாங்க முடியல.

அக்டோபர் 18, சனி

பன்னிய இழுக்க சோளம் கொட்டற ஃபீடர் பக்கத்துல மரத்து மேல உக்காந்திருந்தேன், தெக்கத்திக் காத்து மூஞ்சில அடிச்சுது, வாசனை அந்தப் பக்கம் போகல. இருட்டறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு பொட்டப் பன்னி வந்துச்சு, பின்னாடியே குட்டிங்க, ஒண்ணு ரெண்டுக்கு முதுகுல இன்னும் கோடு கூட அழியல. பதினஞ்சு கெஜம் இருக்கும், பக்கவாட்டுல நிக்குது, இத விட நல்ல ஷாட் கெடைக்காது. வில்ல தூக்கவே இல்ல நான்.

கீழ இறங்குனப்புறம் பெரியவர் கேட்டாரு, சொன்னேன். கோவப்படல, ஆனா அவர் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. பொட்டைய விட்டுட்டு கொம்பு பல்லு வச்ச ஆம்பளைய மட்டும் அடிச்சா எண்ணிக்கை எங்க குறையும்? ஆறேழு மாசத்துலயே பருவத்துக்கு வந்துருது, சினை நாலு மாசம் கூட இல்ல, ஒரு ஈத்துக்கு அஞ்சாறு குட்டி. வருஷத்துக்கு நூத்துக்கு அறுபத்தாறு பன்னிய எடுத்தாதான் இருக்கற எண்ணிக்கை ஏறாம நிக்கும்னு இங்க ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. வில்ல வச்சுக்கிட்டு அத எவனும் பண்ண முடியாது. தாய அடிச்சா குட்டி பட்டினில சாகும், அடிக்கலன்னா அடுத்த வருஷம் குட்டி எல்லாம் தாயாகும். நான் இரக்கம்னு நெனச்சது அவர் வயலுக்கு இரக்கம் இல்ல. வீட்டுக்கு வண்டி ஓட்டிட்டு வரும்போது பூரா இதேதான் மண்டைல.

அக்டோபர் 19, ஞாயிறு

ஊர்ல தீபாவளி விடிஞ்சுருச்சு, கடையத்துல இருந்து பெரியப்பா போன். வாழ்த்து சொல்லிட்டு உடனே, "ஏய்யா, நீ அங்கன பன்னிய அம்பு வச்சு அடிக்கியாம்லா? இங்கன நாங்க ஒரு கல்லு எறிஞ்சா கேஸு." வாழைக்கன்ன தோண்டி கெழங்கோட தின்னுட்டுப் போயிருதாம். இந்த வருஷம் ஜனவரில வந்த தமிழ்நாடு அரசு உத்தரவ பத்தி கேட்டேன். காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வந்தா வனத்துறை ஆளுங்க சுடலாம், ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சு காட்டுல விடணும், ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. "நம்ம தோட்டம் காட்டு வேலிய ஒட்டியில்லா இருக்கு, நமக்கு அதுல என்ன இருக்கு?"ன்னாரு.

பக்கத்துல யாரோ அவுட்டுக்காய், அதான் தீனிக்குள்ள மறைச்சு வைக்கற நாட்டு வெடி, வைக்கறாங்கன்னு கொரலத் தாழ்த்தி சொன்னாரு. நீங்க மட்டும் அந்தப் பக்கம் போயிராதீங்க பெரியப்பான்னு கெஞ்சுனேன். பன்னிக்கு வச்சத யானை கடிச்சு வாய் செதறி, தின்ன முடியாம நாள் கணக்கா கெடந்து சாகுது. 2020ல பாலக்காட்டுப் பக்கம் சினை யானை ஆத்துத் தண்ணில நின்னபடியே செத்துச்சே, அதுவும் வெடிதான். 2023 மார்ச்ல தர்மபுரி மாரண்டஹள்ளிகிட்ட திருட்டு கரண்ட் வேலில மூணு யானை. வெடிக்கும் கரண்டுக்கும் எது பன்னி எது யானைன்னு தெரியாது, அடிபட்டத தேடிப் போய் முடிச்சு வைக்கவும் ஆள் கெடையாது. வெவசாயியோட ஆத்திரம் எனக்குப் புரியுது, அதுக்கு வழி சொல்ல வேண்டியது சர்க்கார். ஆனா அவுட்டுக்காய எந்த நியாயத்த வச்சும் என்னால ஒத்துக்க முடியாது.

நவம்பர் 1, சனி

பெரியவர் கடைசில கூண்டு போட்டுட்டாரு. வட்டமா கம்பி பேனல், கேமரா வச்ச கதவு, போன்ல அமுக்குனா விழுந்துரும். சோளத்த ஊற வச்சு புளிக்க விட்டு உள்ள கொட்டுனோம், மான் அந்த நாத்தத்துக்கு அவ்வளவா வராது. கதவ தெறந்தே விட்டு கூட்டம் மொத்தமும் பழகி உள்ள வர்ற வரைக்கும் பொறுமையா இருந்தாரு, அவசரப்பட்டு பாதிய பிடிச்சா மிச்சப் பாதி இனி எந்தக் கூண்டுக்கும் வராது. துப்பாக்கியோ அம்போ, ஒண்ண அடிச்சா மத்தது செதறிப் போய் பக்கத்து நெலத்துல பெருகும். மிசௌரில மாநில அரசு நிலத்துல பன்னி வேட்டையவே 2016ல நிறுத்துனதுக்கு இதுதான் காரணம். வேட்டை ஆசைக்கு பன்னிய புது எடத்துல கொண்டு போய் விடற ஆளுங்களும் இருக்காங்க.

காலைல போனப்போ உள்ள அந்தத் தாயும் இருந்துச்சு, குட்டிங்களும். கம்பில மோதி மோதி மூக்கு கிழிஞ்சு ரத்தம். பெரியவர் பேசவே இல்ல, .22 துப்பாக்கில ஒண்ணொண்ணா நெத்தில, குறி தப்பவே இல்ல, சீக்கிரம் முடிஞ்சிருச்சு. நான் திரும்பிக்கல. பாக்க நல்லா இல்ல, ஆனா வயலுக்காகத்தான் கொல்றோம்னா இதுதான் நேர்மையான வழி, தாயில்லாம கெடக்க ஒரு குட்டியும் மிச்சமில்ல.

நவம்பர் 8, சனி

வடக்கு க்ரீக் ஓரம் பீக்கன் மரத்துக்கு கீழ கொட்டை விழுந்து கெடக்கு, ஒத்த ஆம்பளப் பன்னி ஒண்ணு அதுக்கு வந்து பழகிருந்துச்சு. ஃபீடர் கிட்ட உக்கார எனக்கு இப்ப மனசில்ல, சோளம் போட்டு வளத்துட்டு தொல்லைன்னு சொல்றது எப்படி நியாயம். வந்தது மூஞ்சிய என் பக்கமே காட்டிட்டு ரொம்ப நேரம் தின்னுச்சு, கை கடுத்துப் போச்சு, அப்புறம் லேசா அந்தப் பக்கம் திரும்புச்சு, விட்டேன். அம்பு மறுபக்கம் வெளிய வந்து மண்ணுல குத்தி நின்னுச்சு, எடுத்துப் பாத்தா ரோஸ் கலர்ல நொரை, நுரையீரல்தான். அரைமணி காத்திருந்து போனேன், பன்னிக் கொழுப்பு ஓட்டைய அடைச்சுக்கும், தரைல ரத்தம் கொஞ்சம்தான் விழும், இலை இலையா பாத்துக்கிட்டே போகணும். அறுபது கெஜத்துல கெடந்துச்சு. பன்னிகிட்ட இருந்து மனுஷனுக்குத் தொத்தற ப்ரூசெல்லோசிஸ் நோய் பயத்துக்கு க்ளவுஸ் போட்டு அறுத்தேன், கறி பெரியவர் வீட்டுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. இது கறிக்காக கொன்னது, இத பயிர்ப் பாதுகாப்புன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

பக்கத்து ராஞ்ச்காரர் கூண்டு வேணாங்கறாரு, அவருக்கு பன்னி வேட்டைக்கு வர்றவங்க குடுக்கற காசு வருமானம். பன்னிக்கு வேலி ஏது, அங்க பெருகுறது இங்கதான் வரும். பெரியவர் வேலி ஓரத்துல இன்னொரு கூண்டு போடணும்ங்கறாரு, அதுக்கு நல்ல எடம் நான் உக்கார்ற மரத்தடிதான். தாராளமா போடுங்கன்னுட்டேன். வர்ற சனிக்கிழமை ஃபீடரையும் மரத்து மேல நான் உக்கார்ற ஸ்டாண்டையும் கழட்டிட்டு பேனல் எறக்கறோம், கதவு வெல்டிங் மட்டும் பாக்கி.