அந்த மரம் எங்கே?

"நீங்க படம் எடுத்துட்டீங்கண்ணா. நாங்க எடுத்தா மட்டும் பறவைக்கு ஆகாதா?"

வால்பாறை டீக்கடையில் அந்தத் தம்பி இப்படிக் கேட்டபோது நான் சிரித்து மழுப்பினேன். இருவாச்சிப் பறவை கூடு வைத்திருக்கும் மரம் எங்கே என்று கேட்டிருந்தார், சொல்ல முடியாது என்றேன். சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேள்விக்கு அது பதில் இல்லை.

பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பெண் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுதான் மிச்சம். உள்ளே இருக்கும்போதே இறகுகளை உதிர்த்துவிடுவதால் நினைத்தாலும் பறக்க முடியாது. அதற்கும், பிறகு குஞ்சுக்கும், ஆண் கொண்டுவருவதுதான் சாப்பாடு. தொண்டையில் அடக்கிவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்கு உருட்டிக் கீற்றுக்குள் நீட்டும். எல்லாருக்கும் வேண்டிய ஃப்ரேம் அதுதான். மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் தள்ளி ஒரு கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருத்தர் நின்றால் ஒரு வேளை சாப்பாடு தாமதம். ஆள் மாற்றி ஆள் நின்றால் உள்ளே பட்டினி.

எல்லாம் உண்மை. நான் எடுத்தபோதும் இதே உண்மைதானே இருந்தது? தூரத்தில், மறைப்புத் துணிக்குள் உட்கார்ந்து 600 எம்எம் லென்ஸில் எடுத்தேன், ஆண் தயங்காமல் வந்துபோனது என்று சொல்லலாம். தம்பியிடமும் நல்ல லென்ஸ் இருந்தது. பொறுமையும் இருந்திருக்கும். அவரை நம்பாமல் இல்லை, அவருக்குப் பின்னால் வரப்போகிறவர்களைத்தான் நம்பவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். வாட்ஸ்ஆப்பில் ஒரு லொகேஷன் போனால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் கார் நிற்கும்.

அப்புறம், எனக்கு அந்த மரத்தைக் காட்டியது யார்? வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும், காடர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர். தரையில் கிடந்த கொட்டைகளைப் பார்த்தே பொந்து எந்தப் பக்கம் என்று சொன்னார். என்னை எதுவும் விசாரிக்கவில்லை. சருகை ஒதுக்கிக் காலால் ஒரு கோடு இழுத்து, "இதுக்கு மேல போகாதீங்க சார்" என்றார், அவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வாழச்சாலில், ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளுக்காக மரம் ஏறிய காடர்களே இன்று வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் காவல் காக்கிறார்கள். அங்கே கூடு இருக்கும் இடம் ஊருக்கே தெரியும், அப்படித் தெரிந்ததால்தான் காவலும் நடக்கிறது. அப்படியானால் நான் ரகசியம் என்று பொத்திவைப்பது பறவைக்காகவா, என் படத்துக்காகவா?

எனக்கு மரம் காட்டிய காவலரைப் போய்க் கேளுங்கள் என்றாவது தம்பியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய கேமராவோடு வந்து நிற்பவரிடம் மறுத்துச் சொல்லும் நிலையிலா அவர் இருக்கிறார்? என் வேலையை அவர் தலையில் கட்டியதாக ஆகியிருக்கும்.

படம் பார்த்தால்தான் மக்களுக்குக் காட்டின்மேல் அக்கறை வரும் என்று மேடையில் பேசுகிறவன் நான். அதை நம்பவும் செய்கிறேன். அந்தத் தம்பி கேமரா வாங்கியதே என் இருவாச்சிப் படத்தைப் பார்த்துத்தானாம், பேச்சை ஆரம்பிக்கும்போதே சொன்னார். அக்கறை வந்த ஒருத்தர் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறார், நான் வழி சொல்ல மறுக்கிறேன்.

கூட்டுப் படங்கள் எடுப்பதை இப்போது விட்டுவிட்டேன். எடுத்து வைத்ததையும் எல்லா இடத்திலிருந்தும் நீக்கிவிடலாமா என்று யோசித்தேன், இன்னும் செய்யவில்லை. போன மாதம் ஒருவர் காலண்டருக்கு அதே படத்தைக் கேட்டார். கொடுத்தேன். கீழே 'வால்பாறை' என்று போட்டிருந்ததை மட்டும் 'ஆனைமலை' என்று மாற்றச் சொன்னேன்.