நாலரை மணிக்குப் போட்டது

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் மூன்று நேரத்தில்தான் காலை. அம்மா நாலரைக்கு எழும்பிவிடுவார். நான் ஆறு மணிக்கு எழும்பி, ஏழேகாலுக்குக் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தியில் கோட்டைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இவர், அம்மா "தம்பி" என்று கூப்பிடும் என் கணவர், இரவு வேலை முடித்து மூன்றாம் மாடிக்கு ஏறி வர ஒன்பதரை ஆகிவிடும். முன்பெல்லாம் அம்மா நாலரைக்குத் தனக்குக் கோப்பி ஊற்றுவார், ஆறுக்கு எனக்கு ஊற்றுவார், ஒன்பதரைக்கு முழங்கால் வலியோடு மறுபடியும் குசினிக்குள் போவார். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார்.

2021 டிசெம்பரில் ஜேர்மனியிலிருந்து வந்த அக்காதான் கோப்பி மெஷினைக் கொண்டுவந்தார். வாங்குவதற்கு முதல் கடையில் நின்று போன் எடுத்தார். "கண்ணாடி ஜக் உள்ளதோ, பிளாஸ்க் மாதிரி சில்வர் ஜக் உள்ளதோ?" யோசிக்காமல் சில்வர் என்றேன். முன்பு வேலை செய்த இடத்தில் கண்ணாடி ஜக் மெஷின்தான் இருந்தது. அதில் ஜக்குக்கு அடியில் ஒரு சூட்டுத் தட்டு எரிந்துகொண்டே இருக்கும். எட்டு மணிக்குப் போட்ட கோப்பி பத்து மணிக்குக் கருகல் கசாயம். வடித்து முடிந்த கோப்பியை மேலும் சூடாக்கினால் அது வேகுமே தவிர, காக்கப்படாது. சில்வர் ஜக்குக்கு இரண்டு சுவர், நடுவில் காற்று இல்லாத வெற்றிடம். 1892இல் ஜேம்ஸ் தேவார் செய்த வெற்றிடக் குடுவையின் அதே தத்துவம்தான். வடிந்து முடிந்ததும் மெஷின் நின்றுவிடும். அதன்பிறகு ஒரு யூனிட் கரண்ட்கூடப் போகாது.

அம்மா பெட்டியைத் திறந்ததும் ஜக்கை மட்டும் எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார். "இது எங்கட பிளாஸ்க்தானே பிள்ளை" என்றார். ஊரில் எங்கள் வீட்டில் ஒரு சீனத்துப் பிளாஸ்க் இருந்தது, தகர உடம்பில் சிவப்புப் பூப்போட்டது. ஆஸ்பத்திரியில் யாரும் கிடந்தால் அதில்தான் கோப்பி போகும்.

இரண்டு சிக்கல்களை முதலே தீர்க்க வேண்டியிருந்தது. ஒன்று பிளக். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட்தான், அதில் பயமில்லை. ஆனால் ஜேர்மன் பிளக்கின் ஏர்த் இணைப்பு பக்கவாட்டுத் தகடுகளில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் மலிவு அடப்டர்கள் பலவற்றில் அந்த ஏர்த் சேராது. தண்ணீரும் ஆயிரத்துச் சொச்சம் வோட்ஸும் சேர்ந்த சாமானில் அப்படி விளையாடக் கூடாது. எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு, பிளக்கையே வெட்டி 13 அம்பியர் மூன்று பின் பிளக் போட்டோம்.

மற்றது தூள். இங்கே பைக்கற்றில் வரும் கோப்பித்தூள் பெரும்பாலும் மா மாதிரி இருக்கும். கேத்தலில் கொதிக்கவைத்து மண்டியைக் கீழே இறங்கவிட்டுக் குடிப்பதற்கு அது சரி. பேப்பர் பில்டருக்குள் போட்டால் சேறாகி அடைத்துக்கொள்ளும். முதல் நாள் தண்ணீர் இறங்க வழியில்லாமல், பில்டர் கூடை நிரம்பி வழிந்து, குசினிக் கல்லெல்லாம் கறுப்பு. இவரின் ஊர் மாத்தளை. மச்சாள் வீட்டுப் பின்வளவில் ஐந்தாறு கோப்பி மரங்கள் நிற்கின்றன. பழம் பறித்து, காயவைத்து, குத்தி, வறுத்து அனுப்புவார். இலங்கையில் தேயிலைக்கு முதல் கோப்பிதான் பெரும் பயிர். 1869இல் இலைத் துரு நோய் வந்து தோட்டங்களை அழித்தது. மலையகத்துக்கு எங்கள் சனம் முதலில் நடந்து வந்ததே கோப்பித் தோட்டங்களுக்குத்தான். அந்த மண்ணின் கொட்டையை இவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு கையாலும் வாங்குவார். அதை மில்லில் கொடுத்து ரவைப் பதத்துக்கு அரைக்கச் சொன்னேன். மில்காரர் தயங்கினார். "அக்கா, இவ்வளவு மொத்தமா அரைச்சா சாயம் இறங்காது." இறங்கும் அண்ணை, தண்ணீர் தூளோடு நிற்கிற நேரம் சரியாக இருந்தால் இறங்கும் என்றேன். அடுத்த தடவை அவரே கேட்டார்: "ரவை மாதிரித்தானே?"

அளவு லீற்றருக்கு 55 கிராம். தண்ணீர் தூளில் விழும்போது 92க்கும் 96க்கும் இடைப்பட்ட பாகையில் இருந்தால் நல்லது, எங்கள் மெஷின் அந்தச் சூட்டைப் பிடிக்கிறது. மெஷின் செய்யாத ஒரு வேலை உண்டு, அது எங்கள் வேலை. ஜக்கை முதலில் சுடவைக்க வேண்டும். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஜக்கை நிரப்பி, மூடி, ஐந்து நிமிடம் விட வேண்டும். குளிர்ந்த சில்வர் முதல் கோப்பையின் சூட்டைத் தானே குடித்துவிடும். சமையல் தேர்மோமீற்றரை வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தேன். சுடவைத்த ஜக்கில் நாலரைக்குப் போட்டது ஒன்பதரைக்கு 61 பாகை, சுடவைக்காததில் 55. அந்த ஆறு பாகைதான் இரவெல்லாம் கண்விழித்து வந்தவருக்குச் சூடான கோப்பியும் வெதுவெதுப்பான கோப்பியும் ஆகிற வித்தியாசம். அம்மா இதை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. ஊற்றும் சுடுதண்ணீரையும் வீணாக்கமாட்டார், அதில் சட்டி பானை கழுவுவார்.

பொருளாதார நெருக்கடியோடு 2022 வந்தது. மார்ச் முடியும்போது ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. இடங்களை A, B என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து வெட்டு நேரம் போட்டார்கள். காஸ் சிலிண்டருக்கு வெயிலில் வரிசை. அந்த மாதங்களில் நாங்கள் வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் கோப்பி போட்டோம். கரண்ட் போவதற்குப் பத்து நிமிடம் முதல் மெஷினை அழுத்தினால் ஜக் நிறைந்துவிடும். அதன்பிறகு அடுப்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை, சூடான கோப்பி மட்டும் இருக்கும். இருட்டில் மொட்டை மாடிக்கு ஜக்கையும் கோப்பைகளையும் கொண்டுபோவோம். பக்கத்து வீட்டு அன்ரியும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள். கடல் பக்கம் ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்கும். பில்டர் பேப்பரும் ஒரு கட்டத்தில் கடைகளில் இல்லாமல் போயிற்று. அம்மா தேத்தண்ணிக் கடைத் துணி வடியை நினைத்து, அப்பாவின் பழைய வேட்டியில் கூம்பு மாதிரி வெட்டித் தைத்தார். மூன்று மாதம் அதுதான் ஓடியது. கோப்பி கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் ருசி அப்படியே இருந்தது.

ஜக்கைப் பராமரிப்பதுதான் பலர் விடுகிற இடம். உள்ளே கை போகாது. கோப்பியின் எண்ணெய் படிந்து படிந்து பழுப்பு ஏறும், பிறகு புதுக்கோப்பியிலும் பழைய வாசம் அடிக்கும். கிழமைக்கொரு தடவை ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் கொதிதண்ணீரும் ஊற்றி அரை மணித்தியாலம் வைத்தால் தேத்தண்ணி நிறத்தில் எல்லாம் கழன்று வரும், சுரண்டவே தேவையில்லை. மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவ வேண்டும். அம்மா தன் பழக்கத்துக்கு வேர்க்கொம்பும் மல்லியும் இடித்துத் தூளோடு சேர்த்த காலத்தில் அந்த வளையம் மல்லி வாசத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. இப்போது இடித்ததைத் தன் கோப்பைக்குள் மட்டும் போடுகிறார். பாலோ பால்மாவோ ஜக்குக்குள் ஒரு போதும் ஊற்றாதீர்கள், அந்தச் சூட்டில் மணித்தியாலக்கணக்கில் கிடந்தால் பழுதாகிவிடும். உப்புப் படிவில் மட்டும் கொழும்பு எங்களுக்கு நல்லது செய்திருக்கிறது. களனி கங்கைத் தண்ணீர் மென்மையானது, நாலு மாதத்துக்கு ஒரு தடவை வினாகிரி ஓடவிட்டால் காணும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் மாதாமாதம் செய்ய வேண்டும். சித்தி வீட்டுக் கேத்தலின் உள்பக்கம் முட்டைக் கோது மாதிரி வெள்ளையாக இருக்கும்.

காலையில் நான் இரண்டாம் கோப்பைக்கு ஜக்கைத் தொட்டால் அம்மா என் கையிலிருந்து அதை வாங்குவார். மூடியைத் திறக்கமாட்டார், திறந்தால் சூடு போய்விடும். ஒரு கையால் தூக்கி, கொஞ்சம் அசைத்து, பாரத்திலேயே அளந்துவிடுவார். "அரைக் கோப்பை எடு பிள்ளை. மிச்சம் தம்பிக்குக் காணும்."