பாஞ்சாலிக்கு ராத்திரி, பாப்பாவுக்கு விடியலில்

வைகாசி பிறந்தால் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிப் பக்கம் மாங்காய்ப் பறிப்பும் கல்யாணமும் ஒன்றாகத்தான் வரும். சனிக்கிழமை மதியம் நான் போய் இறங்கியபோது அக்கா வீட்டுப் பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமாவைத் தோப்பில்தான் பிடிக்க முடிந்தது. வெளியூரில் கிளிமூக்கு என்று சொல்லும் காய்க்கு எங்களிடம் பெங்களூரா என்று பெயர். மாங்கூழ் பேக்டரிக்குப் போக வேண்டிய லோடு அது. மகள் பாப்பாவின் கல்யாணத்துக்கு முதல் நாளும் மாமா தொரட்டியைக் கீழே வைக்கவில்லை. "பந்தல், சாப்பாடு எல்லாம் இந்த மரந்தாண்டா குடுத்துது" என்று ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார்.

சாயங்காலம் நலங்கு முடிந்தது. பக்கத்து ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருந்தது. பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அன்றைக்குப் பார்த்துத் திரௌபதி கல்யாணம்! விடியற்காலை முகூர்த்தத்துக்குத் தாய்மாமன் நான் தயாராக நிற்க வேண்டும். ஆனாலும் கேழ்வரகுக் களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பெருசுகளோடு வரப்பில் நடந்து போய்விட்டேன். போகாமல் எப்படி இருப்பது?

திரைக்குப் பின்னால் அர்ச்சுனன் வேஷக்காரர் குந்தியிருந்தார். முகத்தில் அரிதாரம் காய்ந்துவிட்டது. இரண்டு பேர் புஜக்கட்டையைத் தோளில் வைத்து இழுத்துக் கட்டினார்கள். மரத்தில் செதுக்கிய அணிகலன் அது. ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளில் டியூப்லைட் வெளிச்சம் சிதறியது. ஆர்மோனியம் சுருதி பிடித்தது, ஊதுகுழலான முகவீணை எழும்பியது, மிருதங்கம் விழுந்தது. திரைக்கு மேல் கிரீடம் மட்டும் தெரிய, உள்ளேயிருந்தே பாடினார். அந்தக் குரலுக்கு மைக் தேவையே இல்லை. திரை விலகியதும் அவர் சுற்றிய சுற்றில் புழுதி எழுந்து முன்வரிசைக் குழந்தைகள் மேல் படிந்தது. ஒரு குழந்தைகூட நகரவில்லை.

வில் வளைந்ததும் மேளம் கொட்டியது. பெண்கள் எழுந்து மஞ்சள் அரிசி போட்டார்கள். எங்கள் பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து 101 ரூபாய் மொய் வைத்தார். "நம்ம பொண்ணுக்கு முன்னாடி இவளுக்கு வெச்சிரணும்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்து கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேராக மணவறைக்குப் போனேன். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதில் இன்னும் முகவீணை. பட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். விரல் நீளத் தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். முதல் பட்டம் தாய்மாமனுடையது. பாப்பாவின் நெற்றி வியர்வையில் தகடு வழுக்கியது, என் கையும் நடுங்கியது. "மாமா, இறுக்கிக் கட்டு, நழுவிடப் போவுது" என்று மெதுவாகச் சொன்னாள். இவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். அன்றைக்கு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்தலையில் இரண்டு முடிச்சுப் போட்டேன். கெட்டிமேளம் கேட்டதும் அரிசியைத் தூவினேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

சாப்பாடு, மொய் எழுதுவது, போட்டோ எல்லாம் ஓடிப்போயின. மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகளை கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குக் கூட்டிப்போனேன். காமராஜர் 1957-ல் திறந்து வைத்த அணை. தென்பெண்ணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சுடச்சுட மீன் வறுவல். பட்டுப்பாவாடையெல்லாம் எண்ணெய்.

ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் என் மடியில் ஒரு பை. மாமா வைக்கோல் வைத்துக் கட்டிக் கொடுத்த கடைசிச் செந்தூரா மாம்பழம். சூளகிரி தாண்டும்போது பக்கத்து சீட் அம்மா வாசனை பிடித்து, "செந்தூராவாப்பா?" என்று கேட்டார். அவிழ்த்து இரண்டு பழம் எடுத்துக் கொடுத்தேன். "அக்கா மகள் கல்யாணம்மா" என்றேன்.