சிவதைக் கொடி: விதையிலிருந்து வேர் வரை

மாடியில் நிலவேம்பும் ஆடாதோடையும் ஏற்கெனவே உண்டு. இந்தத் தடவை சிவதை. நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடச் சொன்னது சித்த மருத்துவம். அதற்குக் கைகொடுத்த வேர்களில் இதுவும் ஒன்று. நான் சாப்பிட வளர்க்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் சிவதை என்று மடித்துத் தருவது சிவதைதானா என்று ஒப்பிட, சந்தேகமில்லாத ஒரு வேர் வேண்டும்.

விதை கறுப்பு, கல் மாதிரி. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாக உரசி ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் உப்பியிருந்தவை மட்டும் மண்ணுக்குப் போயின. உப்பாததை மறுபடி உரசினால் போதும், எறிய வேண்டாம். வேர் கீழே இறங்க வேண்டும் என்பதால் தொட்டி வேண்டாமென்று பிளாஸ்டிக் டிரம். செம்மண், மணல், கொஞ்சம் தொழு உரம்.

மழைக்குப் பிறகு கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டியது. தண்டைத் தடவினாலே ஆள் யாரென்று தெரியும்: உருண்டையாக இல்லாமல் மூன்று நான்கு விளிம்பு கட்டியிருக்கும். கிள்ளினால் பால். பூ வெள்ளை, புனல் வடிவம். சங்கப் பாட்டின் பகன்றை இதுதான் என்பார்கள். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூறு 235இல், யாரும் சூடாமல் வீணாகும் பூ என்று வருவது அதுவே. எனக்கென்னவோ சூடலாம் போலத்தான் இருந்தது.

மறு கோடையில் தோண்டினேன். விரல் தடிமன் வேர். காய்ந்ததும் தோல் முறுக்கின கயிறு போலச் சுருங்கியது. பேதியாக்கும் பிசின் பெரும்பாலும் பட்டையில்தான். அதனால் கீறி நடுக்கட்டையை உருவிவிட்டுப் பட்டையை மட்டும் உலர்த்துகிறார்கள். பச்சையாக இருக்கும்போதே உருவிவிடுங்கள், காய்ந்தால் மல்லுக்கட்ட வேண்டும்.

கடைச் சரக்கைப் பக்கத்தில் வைத்தேன். பாதிக்கு மேல் துண்டுகளின் நடுவில் பஞ்சு மாதிரி மெத்தென்ற சோறு. சோறு இருந்தால் அது தண்டு, வேரில்லை. வட இந்தியச் சந்தைகளில் எருக்குக் குடும்பத்து மார்ஸ்டெனியா கொடியின் தண்டு சிவதை என்ற பெயரில் விலைபோவது பழைய கதை. ராஜ்மகால் மலைவாசிகள் வில்நாண் முறுக்கிய நார் அதனுடையது. என் பொட்டலத்தில் இருந்தது அதுவா, சிவதையின் தண்டேவா என்பதற்கு இலையில்லாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் பொடி பண்ணிக் குடிக்க வேண்டாம். சிவதையிலேயே கறுப்பு வகையான கருஞ்சிவதை என்றால் வயிற்றைப் பிய்த்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இரண்டு வகையுமே கூடாது.

தோண்டும்போது வெட்டிய தண்டுகளில் சிலவற்றை ஈர மணலில் ஊன்றியிருக்கிறேன். ஒன்றில் மட்டும் கணுவில் துளிர் விட்டிருக்கிறது.