சவானா: கல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் சவானாவில் பேய்க்கதை சொல்லியே பிழைப்பவர்கள் ஏராளம். பழைய சவ ஊர்தியின் கூரையை வெட்டியெடுத்து, அதில் பயணிகளை உட்கார வைத்து இரவில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. அட்லாண்டாவில் வேலை பார்க்கும் தம்பிதான், "அக்கா, எனக்காக ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சி ஏற்றிவிட்டான்.

வண்டி காலனியல் பார்க் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம் நின்றது. ராத்திரி உள்ளே போக முடியாது, வாசலைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே வெளியில் நின்றபடியே கதை. ரெனே ரோண்டோலியே என்று ஒரு ராட்சத உருவம் படைத்த ஆள். சிறுமிகளைக் கொன்றான் என்று ஊரார் அவனைச் சதுப்பு நிலத்துக்கு இழுத்துப்போய்த் தூக்கில் தொங்கவிட்டார்களாம். இன்னமும் இங்கே அலைகிறானாம். அப்படி ஒருவன் வாழ்ந்தான் என்பதற்கே ஆவணம் எதுவும் கிடையாது. ஆனால் ஓக் மரங்களிலிருந்து சடைசடையாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் என்ற செடியின் மேல் தெருவிளக்கு வெளிச்சம் விழும்போது யாரும் ஆவணம் கேட்பதில்லை. தம்பியும் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் மட்டும் திரும்பிப் போனேன். 1750-இல் திறந்து 1853-இல் அடக்கத்தை நிறுத்திய இடம். மொத்தமே ஆறு ஏக்கர்தான். இங்கே புதைக்கப்பட்டவர்கள் 9,000 பேருக்கு மேல் என்கிறார்கள். நிற்கும் கற்களோ ஆயிரத்தைத் தொடாது. 1820-இல் மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோனவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 700 பேர். மற்றக் கற்கள் எங்கே என்று தேடினால் கிழக்கு மதில் பதில் சொல்கிறது. 1895-இல் நகராட்சி கைக்கு வந்ததும் இதைப் பூங்காவாக மாற்றினார்கள். உடைந்து கிடந்தவை, இன்னாருடைய குழிக்கு உரியது என்று சொல்ல முடியாதவை எல்லாம் அந்த மதிலில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பெயர் மதிலில், ஆள் புல்லுக்கடியில் எங்கோ. எனக்கு ரோண்டோலியேவை விட இது பயமாக இருந்தது.

சில கற்களில் இறந்தவரின் வயது நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 டிசம்பரில், வடக்குத் தளபதி ஷெர்மனின் படை ஊரைப் பிடித்தபோது இங்கே தங்கிய சிப்பாய்கள் பொழுதுபோகாமல் எண்களைச் செதுக்கி மாற்றியதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

பெரிய மனிதர்களின் எலும்புகளும் இங்கே தொலைந்திருக்கின்றன. நத்தானியேல் கிரீன் சாதாரண ஆள் இல்லை. விடுதலைப் போரில் வாஷிங்டனின் நம்பிக்கைக்குரிய தளபதி. 1786-இல் இறந்தார். இங்கே உடல்களை வைக்கும் நிலவறைகளில் எதில் அவரை வைத்தார்கள் என்பதே பிறகு மறந்துபோனது. 1901-இல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, கிரஹாம் குடும்ப நிலவறையில், அவருடைய மகனின் எலும்புகளோடு சேர்த்துக் கண்டெடுத்தார்கள். இப்போது இருவரும் ஜான்சன் சதுக்கத்தில், நினைவுத் தூணுக்கு அடியில்.

பட்டன் குவின்னெட் கதை இதைவிடச் சிக்கல். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1777 மே மாதம் தன் அரசியல் எதிரியான தளபதி லாக்லன் மெக்கின்டாஷோடு நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டைக்குப் போய், தொடையில் குண்டு வாங்கி, சில நாட்களில் இறந்தார். அவர் கையெழுத்து அத்தனை அரிது. 2010-இல் ஒன்று 7 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கையெழுத்துக்கு இந்த மதிப்பு, குழிக்கு அடையாளமே இல்லை. 1957-இல் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், இதுதான் இடம் என்று தோண்டவைத்தார். முழங்காலுக்கு அருகே சேதமான தொடையெலும்பு கிடைத்தது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தார் பார்த்துவிட்டு, இது பெண்ணின் எலும்பு, குண்டுக்காயமும் இல்லை என்றார்கள். ஊர் விடுமா? தனியாக ஒரு குழு போட்டு, குவின்னெட்தான் என்று தீர்த்தது. சண்டை ஓயும்வரை எலும்புகள் அந்தத் தலைமையாசிரியர் வீட்டிலேயே இருந்தன. 1964-இல் அடக்கம் செய்து வெள்ளைச் சலவைக்கல் மண்டபமும் கட்டிவிட்டார்கள். அதனடியில் பெயர் தெரியாத ஒரு பெண்மணி படுத்திருக்கிறாரோ என்ற எண்ணம் எனக்குப் போகவேயில்லை. சுட்டவரான மெக்கின்டாஷும் இதே தோட்டத்தில்தான்.

இந்த மாதிரிப் பழைய கல்லறைகளின் பழுதுபார்ப்பு வேலையை விவரம் தெரிந்தவர்கள் செய்தால் பார்க்க அலுப்பாக இருக்கும். தண்ணீர், மென்மையான பிரஷ், கல்லை அரிக்காத பாசிக்கொல்லி, நிறையப் பொறுமை. ப்ளீச்சும் கம்பி பிரஷ்ஷும் கூடாது. செங்கல் நிலவறைகளுக்குச் சிமெண்ட் எதிரி. பழைய செங்கல் மிருதுவானது. சிமெண்ட் இறுகி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட, செங்கல்தான் உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி. இந்த ஊர்ப் பழைய கட்டடங்களின் 'சவானா கிரே' செங்கல்லை ஆற்றங்கரைப் பண்ணையில் அறுத்துச் சுட்டவர்கள் அடிமைகள்.

அந்த அடிமைகளுக்கு இந்த மதிலுக்குள் இடம் கிடையாது. அவர்களைப் புதைத்த நிலம் தெற்கே, நடக்கும் தூரத்தில். 1851-இல் அதன்மேல் ஒரு சதுக்கம் போட்டு, அடிமைமுறைக்கு வரிந்துகட்டி வாதாடிய அரசியல்வாதி கால்ஹூன் பெயரையே வைத்தார்கள்! 2023-இல்தான் அது சூசி கிங் டெய்லர் சதுக்கம் ஆனது. அடிமையாகப் பிறந்து, ஒளிந்து ஒளிந்து எழுதப் படிக்கக் கற்று, விடுதலையானவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான் போன நேரம் இரண்டு பேர் பெஞ்சில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தைய இரவு எங்கள் சவ ஊர்தி இந்தப் பக்கமே வரவில்லை.

போகிறவர்கள் பகலில் போங்கள், கட்டணம் கிடையாது. நேரே கிழக்கு மதிலுக்குப் போய்விடுங்கள். எழுத்து மங்கியிருக்கிறதே என்று கல்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்க்காதீர்கள், மேல்தோல் உரிந்துவிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பெயர்களைப் படிக்கலாம்.